ஆறினால் ஏன் போகிறது? பழைய பிஸ்டன் விமான என்ஜினின் சூடும் சுமையும்

பாண்டி_வானோடி
சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் டக்ளஸ் டிசி-3 ஓட்டுகிறேன். நம் விமானப்படையில் டகோட்டா என்று பறந்ததே, அதேதான். என்ஜினுக்குள் நடக்கிற தேய்மானத்தையும் கணக்கு வைத்துக்கொள்கிற சிமுலேட்டர் இது.

சென்னையிலிருந்து கிளம்பி கடற்கரையை ஒட்டி 6000 அடியில் வருகிறேன். லாஸ்பேட்டை ஓடுதளம் கண்ணில் பட்டதும் திராட்டில் (என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல்) இரண்டையும் முழுக்க இழுத்துவிட்டு மூக்கைக் கீழே சாய்க்கிறேன். இதுவரை நான்கு முறை இடது என்ஜின் போய்விட்டது. சிலிண்டர் ஹெட் சூட்டின் முள் ஒரு தடவைகூடச் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. இறங்கும்போது அது விறுவிறுவென்று கீழேதான் போகிறது.

சூடு ஏறினால் என்ஜின் போகும் என்பது புரிகிறது. ஆறினால் ஏன் போகிறது?

ஓய்வு_ஃபிட்டர்
சனி, இரவு 10.35

தம்பி, நல்ல கேள்வி. நான் தாம்பரத்தில் என்ஜின் ஃபிட்டர் பயிற்சி முடித்து, ஓட்டர் விமானங்களில் பல வருஷம் வேலை பார்த்தவன். இப்போது லாஸ்பேட்டையில்தான் வீடு. ஓட்டரில் இருந்தது பிராட் அண்ட் விட்னி ஆர்-1340. ஒரே வரிசையில் ஒன்பது சிலிண்டர், 600 குதிரைத்திறன். உன் டகோட்டாவில் இருக்கும் ஆர்-1830 அதற்கு அண்ணன்: ஏழு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 சிலிண்டர், 1200 குதிரைத்திறன். இரண்டும் காற்றில் குளிர்கிற ரேடியல் வகை, அதாவது சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும்.

முதலில் அந்த முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டகோட்டாவில் அது காட்டுவது 14 சிலிண்டர்களின் சூட்டை இல்லை. வழக்கமாக அதிகம் சூடாகிற ஒரே ஒரு சிலிண்டரில் உணரியை வைத்திருப்பார்கள். மற்ற 13-ம் என்ன பாடுபடுகின்றன என்று முள்ளுக்குத் தெரியாது. சிவப்புக் கோட்டைத் தொடவில்லை என்றால் அந்த ஒரு சிலிண்டர் அந்த நிமிடம் வரம்புக்குள் இருந்தது, அவ்வளவுதான். அது எவ்வளவு வேகமாக ஏறியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைச் சிவப்புக் கோடு சொல்லாது.

சிலிண்டரின் குழாய்ப் பகுதி எஃகு. அதன் தலையில் இருப்பது அலுமினிய ஹெட். ஹெட்டைச் சூடாக்கி விரிய வைத்து, குழாயின் மேல் திருகி இறுக்கியிருப்பார்கள். உள்ளே ஓடுகிற பிஸ்டனும் அலுமினியம். நீ திராட்டிலை இழுத்த கணத்தில் நெருப்பு குறைந்துவிட்டது. ஆனால் மூக்கு கீழே சாய்ந்ததால் வேகம் கூடி, காற்று முன்னைவிட அதிகமாக அடிக்கிறது. வெளியே துடுப்புத் துடுப்பாக இருக்கிற ஃபின்கள் நிமிடத்தில் ஆறிவிடும். பிஸ்டன் அப்படி உடனே ஆறாது. அதன் சூடு, அதைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் வழியாகவும் எண்ணெய் வழியாகவும்தான் வெளியேற வேண்டும். வெளிக்கூடு சுருங்குகிறது, உள்ளே இருப்பது இன்னும் விரிந்தே இருக்கிறது. நடுவில் இருக்கிற இடைவெளி அதிகமில்லை தம்பி.

கழித்துப்போட்ட ஆர்-1340 பிஸ்டன் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான விட்டம். அதன் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, நூல் நூலாகக் கீறல்கள். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கீறலிலும் நகம் தட்டும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் அலுமினியம் இழுபட்டு மங்கிக் கிடப்பது தெரியும். சூடு தாறுமாறாக ஏறி இறங்கியதன் கையெழுத்து அது.

மஞ்சக்குப்பம்_டீச்சர்
ஞாயிறு, காலை 7.20

கடலூரில் இயற்பியல் எடுக்கிறேன். ஐயா சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 150 மில்லிமீட்டர் விட்டத்தில் 150 டிகிரி மாறினால் அலுமினியம் சுமார் 0.5 மில்லிமீட்டரும் எஃகு சுமார் 0.27 மில்லிமீட்டரும் மாறும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர், இரண்டு மூன்று காகிதத் தாளின் கனம். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அது பெரிய இழுவிசை. ஒரு பறத்தலுக்கு ஒரு முறை என்று வைத்தாலும், ஆயிரம் பறத்தலில் ஆயிரம் முறை வளைத்து நிமிர்த்தின கம்பியின் கதைதான்.

முதுநகர்_டீசல்
ஞாயிறு, காலை 11.05

விமானம் எனக்குத் தெரியாது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கிறேன், இருபத்திரண்டு வருஷம். ஆனால் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றவன்.

கடல் தண்ணீரை இழுக்கும் பம்பின் வாயில் சொறி மீனோ பிளாஸ்டிக் பையோ அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நின்றதும் சூடு ஏறும். ஒரு முறை தேவனாம்பட்டினத்துக்கு நேரே கடலில் இப்படி ஆனது. படகில் இருந்த பையன் பயந்துபோய், என்ஜின் கொதிக்கிறதே என்று ஒரு வாளி கடல் தண்ணீரை ஹெட்டின் மேல் ஊற்றிவிட்டான். டங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரைக்கு இழுத்து வந்து கழற்றினேன். இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை அந்த என்ஜின் சூட்டைத் தாங்கிக்கொண்டுதான் நின்றது. அதை உடைத்தது தண்ணீர்.

அன்றிலிருந்து நான் ஏற்றிவிடும் ஒவ்வொரு பையனிடமும் சொல்வது: சூடு ஏறினால் லோடைக் குறை, ஆனால் உடனே அணைக்காதே, மேலே எதையும் ஊற்றாதே, தானாக ஆற விடு.

கெடிலக்கரை
ஞாயிறு, பிற்பகல் 3.40

கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஒரு பறக்கும் பள்ளியின் சிறிய விமானங்களில் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறேன், லைகமிங் என்ஜின்கள்.

இந்த 'ஷாக் கூலிங்' (சூடு சட்டென்று இறங்கி என்ஜின் கெடுவது) பயத்தைக் கொஞ்சம் அளந்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். லைகமிங் நிறுவனமே நிமிடத்துக்கு 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இறங்க விடாதே என்று எழுதி வைத்திருக்கிறது, சரி. ஆனால் இரட்டை என்ஜின் பயிற்சியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு என்ஜினை வானத்திலேயே அணைத்துக் காட்டுவார்கள். சூடு அப்போது விழுகிற வேகம் இந்த வரம்பையெல்லாம் தாண்டும். கொட்டும் மழைக்குள்ளும் பறக்கிறார்கள். அந்த சிலிண்டர்கள் எல்லாம் வெடித்துவிடவில்லையே. அண்ணே சொன்ன வாளித் தண்ணீர் வேறு, அது ஒரே இடத்தில் ஒரே நொடியில் விழுகிற அடி.

நான் கழற்றிய ஹெட்டுகளில் பார்த்த வெடிப்பு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் பிளக் துளைக்கும் நடுவில். அந்த இடம்தான் எப்போதும் அதிகச் சூட்டில் வாழ்கிறது. என் கணிப்பில் குற்றவாளி ஏற்றம்தான், இறக்கம் இல்லை. ஏறும்போது முழு பவர், குறைந்த வேகம், காற்று போதாது. சித்திரை வெயிலில் இந்தக் கடற்கரையில் 40 டிகிரி என்றால், தரைமட்டத்திலேயே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 3000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி மெலிந்துவிடும். ஓடுதளமும் நீளும், ஃபின்னில் படுகிற காற்றின் எடையும் குறையும். அலுமினியம் 200 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். ஏற்றத்தில் பாதி செத்த ஹெட்டை இறக்கத்தில் கொன்றதாக எழுதுகிறோம்.

தம்பி, நீ ஏறும்போது முள் எங்கே நின்றது?

பாண்டி_வானோடி
ஞாயிறு, மாலை 5.15

235-லிருந்து 245 டிகிரி செல்சியஸ் வரை. கவுல் ஃபிளாப்பை (என்ஜின் கூட்டிலிருந்து காற்று வெளியேறுகிற கதவு) மூடி வைத்திருந்தேன், வேகம் கிடைக்கும் என்று. 260 வரை போகலாம் என்று படித்தேனே?

ஓய்வு_ஃபிட்டர்
ஞாயிறு, இரவு 8.50

கெடிலக்கரை சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். தம்பி, உன் பதில் அதை நிரூபித்துவிட்டது. 260 என்பது டேக்-ஆஃப் போன்ற சில நிமிட வேலைக்கு. தொடர்ந்து ஓட்ட 232 தான் வரம்பு. நீ அந்த வரம்புக்கு மேலேயே 6000 அடி வரை ஏறியிருக்கிறாய், அதுவும் காற்று வெளியேறுகிற கதவை மூடிக்கொண்டு. ஏறும்போது ஃபிளாப்பைத் திற, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டு, மிக்சரை ரிச்சிலேயே (காற்றோடு பெட்ரோல் கூடுதலாகக் கலக்கிற நிலை) விடு. முழு பவரில் கூடுதலாகப் போகிற பெட்ரோல் வீண் இல்லை. எரியாத அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டுதான் வெளியே போகிறது.

ஒரு எச்சரிக்கை: தரையில் சீக்கிரம் சூடாகட்டும் என்று கவுல் ஃபிளாப்பை மூடாதே. முள் நிதானமாகத்தான் ஏறும். ஆனால் உள்ளே பிளக் வயர்களின் உறை வெந்துகொண்டிருக்கும்.

ஆனால் ரேடியலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லைகமிங் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவாகத் தட்டுப்பட்டிருக்காது. திராட்டிலை முழுக்க இழுக்காதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததன் முதல் காரணம் சூடே இல்லை.

பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைப்பது ராடு. ரேடியலில் ஒரு வரிசைக்கு ஒரே ஒரு மாஸ்டர் ராடு. உன் என்ஜினில் மற்ற ஆறு ராடுகளும் அதன் காதில் பின் போட்டுத் தொங்குகின்றன. ஏழு சிலிண்டரின் அடியும் ஒரே பேரிங்கில் வந்து விழும். பவர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்து நிற்கிற நேரத்தில், அங்கே அமுங்கியிருக்கும் வாயு மெத்தை மாதிரி அதைத் தாங்கித் திருப்பி அனுப்பும். திராட்டிலை மூடிவிட்டால் அந்த மெத்தை மெலிந்துவிடுகிறது. விமானமோ கீழே பாய்கிறது. எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுற்ற, புரொப்பெல்லர் என்ஜினைச் சுற்றுகிறது. மாட்டை வண்டி தள்ளுகிற கதை. மேலே பாயும் பிஸ்டனை இழுத்து நிறுத்துகிற வேலை முழுக்க ராடுக்கும் பேரிங்குக்கும் வந்துவிடும். சுமை பேரிங்கின் எதிர்ப்பக்கம் மாறும். எண்ணெய்ப் படலம் அந்தப் பக்கம் நிற்பதற்காக அமைந்ததில்லை. ரிங்குகளும் காடிக்குள் படபடக்கும்.

அதனால் ரேடியல்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: நிமிடத்துக்கு ஒவ்வொரு 100 சுற்றுக்கும் குறைந்தது ஒரு அங்குலம் மேனிஃபோல்டு பிரஷர் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்). 2000 சுற்று ஓடினால் 20 அங்குலத்துக்குக் கீழே இறக்காதே. உன் இறக்கத்தில் எவ்வளவு இருந்தது?

பாண்டி_வானோடி
ஞாயிறு, இரவு 9.05

2050 சுற்று, 13 அங்குலம் ஐயா. அப்படியே பத்து கிலோமீட்டர்.

ஓய்வு_ஃபிட்டர்
ஞாயிறு, இரவு 9.40

உன் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது தம்பி. முள் ஆறுவதை நீ பார்த்தாய். பேரிங் அடி வாங்கியது முள்ளில் வராது.

சரி, எப்படி இறங்குவது? ஓடுதளம் தெரிந்த பிறகு இறங்க நினைத்தால் தாமதம். 6000 அடியை நிமிடத்துக்கு 400 அடி வீதம் இறக்க 15 நிமிடம் வேண்டும். டகோட்டா மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் போகும் என்றால் அது 60 கிலோமீட்டர். ஆக, கூவத்தூர் பக்கம் வரும்போதே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். மரக்காணம் உப்பளம் இறக்கைக்குக் கீழே வெள்ளையாகத் தெரியும்போது நீ 3000 அடி அளவில் இருக்க வேண்டும்.

திராட்டிலை ஒரு நிமிடத்துக்கு ஒரு அங்குலம் வீதம் குறை. இன்னொன்று: திராட்டிலை நீ தொடாவிட்டாலும், ஒவ்வொரு 1000 அடி இறங்கும்போதும் பிரஷர் சுமார் ஒரு அங்குலம் தானாக ஏறும். வெளிக்காற்று அடர்த்தியாகிறதல்லவா. அந்த ஏற்றத்தை மட்டும் இழுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கவுல் ஃபிளாப் மூடியே இருக்கட்டும். அப்படியும் உயரம் மிஞ்சினால் சக்கரத்தை முன்னதாக இறக்கு, அதற்குரிய வேகத்துக்கு வந்த பிறகு. சக்கரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும், பவரை விட்டுக்கொடுக்காமலே இறங்கலாம்.

வில்லியனூர்_புல்லட்
திங்கள், காலை 8.30

என்னிடம் பழைய இரும்பு என்ஜின் புல்லட் இருக்கிறது, அதுவும் காற்றில் குளிர்வதுதான். அதனால் ஆர்வமாகப் படித்தேன். ஒரு சந்தேகம். ஸ்பிட்ஃபயர் மாதிரித் தண்ணீர் ஓடுகிற என்ஜின்களில் இந்தத் தொல்லை இருக்காதே?

ஓய்வு_ஃபிட்டர்
திங்கள், மாலை 6.20

வானத்தில் தொல்லை குறைவு. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜினைச் சுற்றித் தண்ணீரும் கிளைக்கால் என்கிற திரவமும் கலந்து ஓடுவதால் சூடு சீராகப் பரவும். ஆனால் தரையில் அதன் பாடு பெரும்பாடு. ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது, புரொப்பெல்லர் காற்று சரியாகப் போய்ச் சேராது. ஆரம்ப கால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை இறக்கினால் அதன் கால் ரேடியேட்டருக்கு முன்னாலேயே வந்து பாதி காற்றை மறைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, சட்டென்று ஓடிப் பறந்துவிட வேண்டும். வரிசையில் காத்து நின்றால் கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் யோசித்துப் பாருங்கள்.

ரேடியலையும் தரையில் நிறுத்தி ஓட்டும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக வைக்க வேண்டும். லாஸ்பேட்டையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும், மூக்கைக் கடல் பக்கம் திருப்பினால் அதுவே பாதி குளிரூட்டும்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்
திங்கள், இரவு 8.15

வெயில் என்றதும் நினைவுக்கு வந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருக்கிறதல்லவா, மாணவர்களோடு பேசும்போது அந்தக் காலத்து விமானங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1944-ல் அமெரிக்கர்கள் பி-29 குண்டுவீச்சு விமானங்களை வங்காளத்தில், கரக்பூர் வட்டாரத்தில் வைத்திருந்தார்கள். அதன் ரைட் ஆர்-3350 என்ஜினுக்கு 18 சிலிண்டர், 2200 குதிரைத்திறன். குளிர்ப் பிரதேசத்திலேயே தீப்பிடித்த என்ஜின். 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் சோதனை விமானி எடி ஆலன் இறந்ததும் அதன் தீயால்தான். அதை 40 டிகிரி வெயிலுக்குக் கொண்டுவந்தால்? டேக்-ஆஃபிலேயே சூடு எல்லை மீறி, எக்ஸாஸ்ட் வால்வு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்திருக்கிறது. பிறகு கவுல் ஃபிளாப்பை வெட்டிக் குட்டையாக்கி, காற்றைத் திருப்பும் தகடுகளை மாற்றி, மேல் சிலிண்டர்களின் வால்வுகளுக்குக் கூடுதல் எண்ணெய்க் குழாய் போட்டுச் சமாளித்தார்கள்.

கெடிலக்கரை
திங்கள், இரவு 9.30

டீச்சர், அந்தத் தகடுகள் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டருக்குச் சிலிண்டர் நடுவில் வளைத்து மாட்டியிருக்கும் தகடுதான் காற்றைப் பின்பக்க ஃபின் வரை இழுத்துப்போகும். ஒன்று தளர்ந்தாலோ ஒரு ரப்பர் ஓரம் மடிந்தாலோ, காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வேகும். இரண்டு வரிசை ரேடியலில் பின்வரிசைக்கு இது உயிர். என்ஜினையே மாற்ற வேண்டும் என்று முடிவாகியிருந்த ஒரு விமானத்தில், நான் ஓரத்து ரப்பரை மட்டும் மாற்றி 15 டிகிரி இறக்கியிருக்கிறேன்.

மாஸ்டர் ராடு விளக்கத்துக்கு நன்றி ஐயா. அந்த வாதத்தை ஏற்கிறேன்.

முதுநகர்_டீசல்
செவ்வாய், காலை 6.50

ஐயா, ரேடியலில் கீழே தலைகீழாகத் தொங்குகிற சிலிண்டரில் எண்ணெய் இறங்கி நிற்காதா? இரண்டு நாளாக இதே யோசனை.

ஓய்வு_ஃபிட்டர்
செவ்வாய், காலை 9.15

நிற்கும். என்ஜினைப் பார்க்காமலே கேட்டீர்கள், கை தேர்ந்தவர்! இரவெல்லாம் நின்ற ரேடியலில் எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழ்ச் சிலிண்டரில் சேரும். எண்ணெய் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, ராடு லேசாக வளையும். அந்த நேரம் எதுவும் தெரியாது. பல மணி நேரம் பறந்த பிறகு ஒரு நாள் வானத்தில் முறியும்.

அதனால் காலையில் முதல் வேலை, மேக்னட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தருகிற கருவி) சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுற்றுவது. இதழ் இதழாக எண்ணிக்கொண்டே போவோம். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கமும் உள்ளங்கையில் வரும்: இறுகும், புஸ்ஸென்று விடும், அடுத்தது இறுகும். எங்கேயாவது கல்லில் முட்டியது மாதிரி நின்றால் அதற்கு மேல் ஒரு விரலால்கூடத் தள்ளக் கூடாது. பின்பக்கம் சுற்றியும் விடக் கூடாது, எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். கருத்த எண்ணெய் ஒரு டம்ளர் அளவுக்கு வடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாண்டி_வானோடி
புதன், இரவு 10.20

ஐயா, செய்துவிட்டேன். 30 அங்குலத்தோடு கிளம்பி, கூவத்தூரில் இறங்க ஆரம்பித்து நிமிடத்துக்கு ஒரு அங்குலம் குறைத்தேன். 21-க்குக் கீழே விடவில்லை. மரக்காணத்தில் 3100 அடி. ஏறும்போது ஃபிளாப் திறந்து 215-ஐத் தாண்ட விடவில்லை. இறங்கும்போது 190-லிருந்து மெல்ல மெல்ல 150-க்கு வந்தது. தரை தொடும் முன்பு, ஓடுதளத்துக்கு நேராக வந்த பிறகுதான் திராட்டிலை மூடினேன். மூன்று பயணம், இரண்டு என்ஜினும் நலம்.

ஓய்வு_ஃபிட்டர்
வியாழன், காலை 7.00

மகிழ்ச்சி தம்பி. நிறுத்தியதும் உடனே அணைத்தாயா?

பாண்டி_வானோடி
வியாழன், காலை 7.25

ஆமாம் ஐயா.

ஓய்வு_ஃபிட்டர்
வியாழன், காலை 7.50

அடுத்த முறை 1000 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு அணை. சூட்டில் எண்ணெய் பேரிங்கில் தங்கிக் கருகாமல் இருக்கும். கவுல் ஃபிளாப்பைத் திறந்தே வைத்துவிட்டு இறங்கு.

ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். அந்தப் பிஸ்டனை நேரில் பார்க்க வேண்டும் என்றால் வா.

முதுநகர்_டீசல்
வியாழன், இரவு 9.10

ஐயா, நானும் வரலாமா? ஞாயிறு படகு வேலை இல்லை, காலை 8 மணி பஸ்ஸைப் பிடித்தால் பத்துக்குள் பாண்டி வந்துவிடுவேன். வெடித்த அந்த ஹெட் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. தூக்கி வருகிறேன், சுண்ணாம்புப் பொடியும் கொண்டு வருகிறேன்.